தேநீர் ஆறும் வரை

"மூச்சை மெதுவா உள்ள இழு... வயிறு வரைக்கும் போகட்டும்... இப்ப மெதுவா வெளிய விடு..."

பூக்கட்டும் கொட்டகையின் நாலு மூலையிலும் தொங்கிய ஒலிபெருக்கிகளிலிருந்து கெமுந்தோவின் குரல் வந்துகொண்டிருந்தது. கீழே தன் மேசையில் அதே கெமுந்தோ, முள் ஏறிய கட்டைவிரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த ரோஜாவை எடுத்தாள். தன் குரலைக் கேட்கக் கேட்க அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தக் குரலுக்கு ஒரு கொள்ளிய வைக்க மாட்டாங்களா?" என்றாள் எதிர்மேசை அவூர். ரகசியம் பேசினாலே பக்கத்துப் பண்ணைக்குக் கேட்கிற தொண்டை அவளுக்கு. "பத்து மணி டீயப் புடுங்கிட்டு மூச்சக் குடிங்கறா மகராசி. குடிங்கடி, நல்லா குடிங்க! சக்கர போதுமான்னு மெர்சி அம்மாவக் கேட்டுக்கங்க."

மேசை வரிசை முழுக்கச் சிரித்தது. கெமுந்தோவுக்கு அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை, 'மெர்சி அம்மா' என்றதுதான் வலித்தது. வாயைத் திறந்தால் 'அடியே கெமுந்தோ' என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அது. பண்ணைக்காரர்கள் குடியிருக்கும் காரகீட்டாவில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த தகர அறை, ஒரே கரியடுப்பு. அந்த அவூர் இப்போது மகள் பெயரைச் சொல்லி, ஊரிலிருந்து வந்த மாமியாரிடம் பேசுகிற மாதிரி மரியாதை கொடுக்கிறாள். நெருங்கின சினேகிதி கொடுக்கிற மரியாதையைவிடக் கேவலமான வசவு உண்டா?

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் யார் மேல் கோபப்படுவது என்று தெரியும்.

நைவாஷா ஏரிக்கரையில் ஜனவரி பிறந்துவிட்டால் மனுஷருக்கு மதிப்பில்லை, பூவுக்குத்தான் மதிப்பு. எங்கோ குளிர் நாடுகளில் பிப்ரவரி நடுவில் ஆண்கள் பெண்களுக்கு ரோஜாக்கொத்து நீட்டுவார்களாம். நீட்டட்டும், நன்றாயிருக்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அவர்கள் நீட்டுகிற ஒவ்வொரு கொத்துக்கும் இங்கே ஒருத்தியின் தோள்பட்டை மரத்துப் போயிருக்கும். விடியுமுன் பண்ணை பஸ்ஸில் ஏறினால் இருட்டிய பின்தான் இறக்கிவிடுவார்கள். நடுவில் நிற்க வேண்டும், தண்டின் நீளம் பார்க்க வேண்டும், இலை உருவ வேண்டும், கட்ட வேண்டும். பூ வாடக்கூடாது என்று கொட்டகையைக் குளிர வைத்திருப்பார்கள். கட்டுகிறவள் வாடினால் வாடட்டும்.

போன பருவத்தில் கெமுந்தோவின் உடம்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். உகாலிக் களி கிண்டும்போது அகப்பை கையில் நடுங்கும். ஒருநாள் மெர்சி பாலைக் கொட்டிவிட்டாள் என்று அவள் போட்ட கூச்சலில் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. "நீ வேலைக்குப் போனதும் வெளிய வர்றேன்" என்றது அங்கிருந்தே. பெற்ற வயிறு எப்படித் தாங்கும்? மறுநாளே கெமுந்தோ மருந்தகத்துக்கு ஓடினாள்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அங்கிருந்த நர்ஸ். "உடம்பு ஓடி ஓடி, நிக்கறதையே மறந்துடுச்சு. தினம் கொஞ்ச நேரம் நிக்கக் கத்துக்குடு." அதோடு கெமுந்தோவின் போனில் ஒரு ஒலிப்பதிவையும் ஏற்றிக் கொடுத்தாள்.

கெமுந்தோ வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரி, வாயில் பஞ்சு வைத்துக்கொண்ட மாதிரி பேசினாள். கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அலை வருகிறது, அலை போகிறது என்றாள். கெமுந்தோ கடலைக் கண்ணால் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்தது ஏரி. அந்த ஏரிக்கரையில் கண்ணை மூடிப் படுத்தால் நீர்யானை வந்து மிதித்துவிட்டுப் போகும். அமைதி கிடைக்கும்தான், ஒரேயடியாகக் கிடைக்கும்.

சரி, அவள் கடல் அவளுக்கு, என் டீ எனக்கு என்று கெமுந்தோ தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டாள். பத்து மணி இடைவேளைக்குக் கான்டீன் பராசா கொண்டுவரும் பால் டீ, வாயில் வைத்தால் தோல் உரியும் சூட்டில் இருக்கும். அதை ஊதி ஊதி வம்பு பேசுவதுதான் வழக்கம். கெமுந்தோ கொட்டகைக்குப் பின்னாலிருந்த மஞ்சள் வேலமரத்தடியில் உட்கார்ந்து, டம்ளரை எதிரே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னடி, போய்ச் சேந்துட்டியா?" என்று உலுக்கினாள் அவூர்.

"கொஞ்சம் சும்மா இரு. டீ ஆறுற வரைக்கும்."

"எதுக்கு?"

"எதுக்குமில்ல. அதுக்குத்தான்."

அவூர் கேலி பண்ணிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள், அப்புறம் கேலி பண்ணாமல் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னும் நாலு பேர் வந்தார்கள், பின்னால் மரத்தடி போதவில்லை. யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் மனசு நிற்கிறது என்றார்கள், அதனால் கெமுந்தோ சொல்ல ஆரம்பித்தாள்.

"கையில இருக்கறதக் கீழ வை" என்றுதான் எப்போதும் தொடங்குவாள். "கத்திரி, பூ, போன், புருஷன் மேல இருக்கற ஆத்திரம், எல்லாத்தையும் கீழ வை. எங்கயும் போயிடாது, அப்புறம் எடுத்துக்கலாம்." பிறகு கண்ணை மூடச் சொல்வாள். மூச்சு, கழுத்து, பல்லைக் கடித்திருக்கும் தாடை என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்வாள். "இப்ப யாரும் உன் பேரக் கூப்பிடல. கூப்பிட்டாலும் நீ இல்லன்னு சொல்லிட்டேன்" என்பாள். மூடின கண்ணோடு சிரிப்பார்கள். கடைசியில், "கண்ணத் திற. டீ ஆறிடுச்சு. எடுத்துக் குடி." அதோடு முடிந்தது. கடிகாரம் எல்லாம் கிடையாது. காற்று குளிராக இருந்தால் சீக்கிரம் முடியும், வெயில் நாளென்றால் கொஞ்சம் நீளும்.

அதனால் யாருக்கும் இறக்கை முளைத்துவிடவில்லை. அவூரின் தலைவலி அவூரிடமே இருந்தது. ஆனால் தலைவலியோடு சேர்ந்து அவள் அடுத்தவர் தலையையும் உருட்டுவது குறைந்தது. மெர்சி கட்டிலடியை மறந்து மடிக்கு வந்தாள். கெமுந்தோவுக்கு அது போதும்.

அங்கேதான் வந்து சேர்ந்தாள் லோர்னா, பண்ணையின் நலத்துறை மேடம். நல்லவள்தான். நல்லவர்களிடம்தான் நாம் ஏமாறுகிறோம், கெட்டவனிடம் உஷாராக இருந்துவிடுகிறோமே. ஒருநாள் மரத்தடியில் அவர்களோடு உட்கார்ந்து கண்ணை மூடியவள், திறந்தபோது கண் கலங்கியிருந்தாள்.

"கெமுந்தோ, இத எல்லாருக்கும் கொண்டு போகணும். உன் குரலப் பதிவு பண்ணலாமா?"

கெமுந்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரி குரல் ஊர் ஊராகப் போகலாம், கிசிப் பக்கத்துக்காரி குரல் போகக்கூடாதா? அலுவலகத்துக்குப் போய் ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பேசிவிட்டு வந்தாள். அன்று மெர்சியிடமும் அவூரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "பெரிய ரேடியோக்காரி ஆயிட்டடி" என்று அவூர் அவளைத் தூக்கிச் சுற்றினாள்.

அடுத்த திங்கட்கிழமை உற்பத்தி மேலாளர் கருகா மைக்கில் அறிவித்தார். காதலர் தின ஆர்டர் தலைக்குமேல் இருக்கிறதாம். அதனால் பத்து மணி டீ இடைவேளை இந்தப் பருவம் முடியும்வரை கிடையாதாம். ஆனால் தொழிலாளர் நலனில் நிர்வாகத்துக்கு அக்கறை உண்டாம், ஆகவே அந்த நேரத்தில் 'அமைதி நேரம்' ஒலிபரப்பாகுமாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது இதுதான்.

பிறகு ஒலிபெருக்கி கரகரத்து, கெமுந்தோவின் குரல் வந்தது. "கண்ண மூடு... மூச்சை மெதுவா உள்ள இழு..."

கெமுந்தோவுக்குச் சுருக்கென்றது. 'கையில இருக்கறதக் கீழ வை' எங்கே? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். முடிவில் 'டீ ஆறிடுச்சு, எடுத்துக் குடி'யும் இல்லை. தலையையும் வாலையும் நறுக்கிவிட்டு நடுத்துண்டை மட்டும் பொரித்து வைத்திருந்தார்கள். பூ வரும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, சூப்பர்வைசர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், பெண்கள் பூக்கட்டிக்கொண்டே மூச்சுவிட வேண்டும்.

அன்று மதியமே அவள் கருகாவின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"பாஸ், நான் சொன்னத வெட்டிட்டீங்க."

"நீளமா இருந்துச்சு."

"கையில இருக்கறதக் கீழ வைன்னு சொன்னதுதான் அதுல முக்கியம்."

கருகா சிரித்தார். "மூச்சு விட மூக்கு போதும்மா. கை எதுக்கு?"

அதே அறையில் உட்கார்ந்திருந்த லோர்னா அவள் கண்ணைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். "மேல சொன்னேன் கெமுந்தோ, கேக்க மாட்டேங்கறாங்க" என்றாள் வெளியே வந்தபின். மேலே சொன்னவள் கீழேயும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவளுக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

கொட்டகையில் யார் கெமுந்தோவை நம்புவார்கள்? டீ போன அன்று ஒலிபெருக்கியில் வந்தது அவள் குரல். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு நேராக இருந்தது: குரலை விற்றாள், எல்லோருடைய டீயையும் சேர்த்து விற்றாள். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. "நான் கேக்கலடி, எனக்குத் தெரியாதுடி" என்று அவூரிடம் போய் நின்றாள்.

"நல்லாயிருங்க மெர்சி அம்மா" என்றாள் அவூர், கரியடுப்பைத் தூக்கித் தன் அறைக்குள் வைத்துக்கொண்டே.

ஒருத்தி மட்டும் அந்தக் குரலை மதித்தாள். நஃபூலா, இந்தப் பருவத்துக்குப் புதிதாக வந்தவள், புங்கோமா பக்கம். தண்டு வெட்டும் மெஷினில் நின்றாள். ராத்திரியெல்லாம் தூக்கம் வராத பெண். "அக்கா, மத்தவங்க கிடக்கறாங்க. உங்க குரல் வந்தா எனக்கு அம்மா பேசற மாதிரி இருக்கு" என்று கெமுந்தோவிடம் வந்து சொன்ன ஒரே ஜீவன்.

வியாழக்கிழமை ஒலிபெருக்கி "கண்ண மூடு" என்றது. நஃபூலா மூடினாள். அவள் கையில் பூக்கட்டு இருந்தது, அதைக் கீழே வை என்று யாரும் சொல்லவில்லை. பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது.

அலறல் கேட்டுக் கெமுந்தோ ஓடியபோது வெள்ளை ரோஜாக் கட்டெல்லாம் சிவப்பாகியிருந்தது. இரண்டு விரல் நுனி போய்விட்டது. துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நஃபூலாவை மடியில் சாய்த்திருந்தாள் கெமுந்தோ. மேலே அவள் குரல் நிறுத்தாமல், "தோளத் தளர்த்து... எதுவும் அவசரமில்ல..." என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஐயோ, அந்த நேரத்தில் தன் நாக்கையே பிடுங்கி எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

"மெஷின்ல நின்னுக்கிட்டு யாராவது கண்ண மூடுவாங்களா?" என்று கத்தினார் கருகா. "யாரு மூடச் சொன்னா இவள?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் கெமுந்தோ. "இப்பவும் சொல்லிக்கிட்டு இருக்கேன், காது கேக்கல உங்களுக்கு?"

கவனக்குறைவு என்று முடிவுகட்டினார்கள். கை ஆறியபின் பார்க்கலாம் என்று நஃபூலாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பருவத்துக்கு வந்த வேலைக்காரிக்குப் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் பத்து மணிக்கு ஒலிபெருக்கி மறுபடியும் "கண்ண மூடு" என்றது. ஒருத்தியும் மூடவில்லை. கெமுந்தோவைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் கருகாவே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியெல்லாம் காட்டினார்.

"நாளைக்குப் பூ வாங்கறவங்க வெளிநாட்டுலேருந்து வர்றாங்க. இந்த அமைதி நேரத்தப் பத்திக் கேள்விப்பட்டு ரொம்பச் சந்தோஷம் அவங்களுக்கு. நீ மைக்குல நேரடியா சொல்லணும். ஒழுங்கா முடிச்சா, பருவம் முடிஞ்சதும் வெள்ளக் கோட்டு உனக்கு."

வெள்ளைக் கோட்டு என்றால் சூப்பர்வைசர். நிற்க வேண்டாம், முள் வேண்டாம்.

"சொல்றேன் பாஸ்" என்றாள் கெமுந்தோ.

"இப்ப வர்ற மாதிரியே இருக்கணும்."

"முதல் நாள்லேருந்து எப்படிச் சொன்னேனோ அப்படியே சொல்றேன்."

கருகாவுக்குத் திருப்தி. மனுஷன் மரத்தடிக்கு ஒருநாளாவது வந்திருந்தால் அதன் அர்த்தம் விளங்கியிருக்கும்.

கெமுந்தோ நேரே கான்டீனுக்குப் போனாள். பராசா ஈயோட்டிக்கொண்டிருந்தான், பத்து மணி வியாபாரம் போனதிலிருந்து அவன் மாந்தாசிப் பலகாரத்துக்குப் பிசையும் மாவு பாதி நாள் புளித்துத்தான் போகிறது.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய பானைய ஏத்து. மொத்தக் கொட்டகைக்கும் டீ."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நீ யாரு?"

"ஒலிபெருக்கில பேசறவ."

பராசா வாய்விட்டுச் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "வேலை போயிடும் பொண்ணே."

"எனக்கு வேலதான் போகும். யாரும் வரலன்னா உனக்குப் பால் போகும். அதுக்குப் பயந்தா ஏத்தாத."

"பயமா? எனக்கா? பானை கழுவிக் கிடக்கு, போ."

வீட்டுக்கு வந்தபின் பயம் வந்தது. வரவில்லை என்றால் பொய். வேலை போனால் அடுத்து எந்தப் பண்ணை எடுக்கும்? மெர்சியை எங்கே கூட்டிக்கொண்டு போவது? அதைவிட, கீழே வை என்று சொல்லி ஒருத்தியும் வைக்காவிட்டால்? இத்தனை நாள் அவளைத் திட்டுகிற வாய்கள் அவள் சொன்னதைக் கேட்குமா? கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். பயம் போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போ என்று அதையும் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மறுநாள் விருந்தாளிகள் வெள்ளை மேலங்கியும் தலைக்கு வலைத்தொப்பியுமாக வந்து நின்றார்கள். உயரமான ஒரு பெண்மணி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். கருகா பல்லெல்லாம் தெரிய ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். கெமுந்தோ அதன்மேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்தாள். கொட்டகை முழுக்கத் தெரிந்தது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவூர் அவளைப் பார்க்காமல் பூவைப் பார்த்தாள்.

"கையில இருக்கறதக் கீழ வைங்க" என்றாள் கெமுந்தோ.

யாரும் அசையவில்லை. கருகா சிரிப்பை மாற்றாமலே, மூச்சுக்குப் போ என்று விரலால் சைகை காட்டினார்.

"கையில இருக்கறதக் கீழ வைங்க. கத்திரிய வைங்க. பூவ வைங்க." மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அந்த வெட்டற மெஷின அணைங்க. கண்ண மூடப் போறோம். போன வாரம் அணைக்காமத்தான் நம்ம நஃபூலா விரல் போச்சு. இந்த வார்த்தைய நான் அன்னைக்கும் சொல்லித்தான் பதிவு பண்ணேன். வெட்டி எடுத்துட்டாங்க. நான் வெட்டல."

 பெல்ட் இரைந்துகொண்டே இருந்தது. உயரமான பெண்மணிக்குச் சுவாஹிலி புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று கருகாவைக் கேட்டாள்.

"பாதுகாப்பு விதிகள், மேடம்" என்றார் கருகா. நெற்றி வியர்த்திருந்தது. "முதல்ல மெஷின நிறுத்தணும்னு சொல்றா."

"ரொம்பச் சரி" என்றாள் அவள். தானே பாதுகாப்பு என்று சொல்லிவிட்ட பிறகு அவர் எப்படித் தடுப்பார்? மெஷின்காரனிடம் தலையை ஆட்டினார். பிளேடு நின்றது.

"என் மேல இருக்கற கோவத்தையும் கீழ வைங்க" என்றாள் கெமுந்தோ, அவூரைப் பார்த்து. "அப்புறம் எடுத்துக்கங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

அவூர் தலையை நிமிர்த்தினாள்.  பிறகு கையிலிருந்த ரோஜாக்களை மேசையில் வைத்து, கத்திரியை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பக்கத்து மேசைக்காரி வைத்தாள். அதற்கடுத்தவள் வைத்தாள். கத்திரிகள் தகர மேசைகளில் இறங்குகிற சத்தம் வரிசை வரிசையாகக் கொட்டகையின் அந்தக் கோடி வரை போனது. கடைசியில் எவனோ பெல்ட்டையும் நிறுத்தினான்.

கெமுந்தோ மூச்சுக்குப் போனாள். கழுத்து, தோள், தாடை. யாரும் உன் பேரைக் கூப்பிடவில்லை. மூடின கண்ணோடு சிலர் அழுதார்கள். விருந்தாளிகளும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கருகா மட்டும் மூடவில்லை, பாவம்.

"ஒலிபெருக்கி இந்த இடத்துல நின்னுடும்" என்றாள் கெமுந்தோ. "நாம நிக்க வேணாம். கால் தரையில இருக்கான்னு பாருங்க. இருக்கா? அது உங்க கால், கம்பெனி கால் இல்ல. இப்ப கண்ணத் திறங்க. மரத்தடியில பராசா பானைய இறக்கிட்டான். நடங்க."

மைக்கை வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து இறங்கி அவள் நடந்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. வாசலைத் தாண்டும்போதுதான் பின்னால் ரப்பர் கம்பூட்ஸ்களின் சத்தம் கேட்டது, ஒன்றிரண்டல்ல, மொத்தக் கொட்டகையும் வந்தது.

டம்ளர்கள் கைமாறின. ஆவி பறந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த அவூர் அவள் எதிரே ஒரு டம்ளரை வைத்தாள்.

"அடியே கெமுந்தோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கெமுந்தோவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

கருகா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "எவ்வளவு நேரம் இது?"

"டீ ஆறுற வரைக்கும், பாஸ்" என்றாள் அவூர். "ஊதக்கூட மாட்டோம், அவசரமில்ல."

உயரமான பெண்மணி ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அருமை! தினமும் இப்படித்தானா?" என்று கேட்டாள். கருகா அவசரமாகத் தலையை ஆட்டினார். "தினமும்தான், மேடம். ஒருநாள் தவறாது" என்றார்.

விருந்தாளிகளின் வண்டி கேட்டைத் தாண்டியதும் கருகா கெமுந்தோவின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "நாளையிலேருந்து இந்தக் கேட்டுக்குள்ள கால வைக்காத. தினமும்னு சொல்லியாச்சு, தினமும் போடுவேன், வெட்டின மாதிரியே போடுவேன். உன் குரல்தான் எங்ககிட்ட இருக்கே. நீ எதுக்கு?"

மறுநாள் வேலைக் கோட்டையும் கம்பூட்ஸையும் திருப்பிக் கொடுக்க அவள் கேட்டுக்கு வந்தாள். வழியில் நஃபூலாவும் சேர்ந்துகொண்டாள், கையில் பெரிய கட்டோடு. "நானும் வர்றேன்கா. தனியா நிக்க வேணாம்." காவலாளி லெகிஷான் கோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, போ என்றும் சொல்லாமல் இரு என்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு பேரும் சுவரோரக் கல்லில் உட்கார்ந்தார்கள். கெமுந்தோ பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஒன்றும் டம்ளரில் ஒன்றுமாக டீ ஊற்றினாள். ஆவி பறந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி கரகரத்தது.

நஃபூலா கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அக்கா, மறுபடியும் போடறாங்க."

"கண்ண மூடு..." என்றது கெமுந்தோவின் குரல்.

அடுத்த வார்த்தை வருமுன், கொட்டகைக்குள்ளிருந்து அவூரின் தொண்டை கிளம்பியது. "கையில இருக்கறதக் கீழ வை!" அதன் பின்னாலேயே மொத்தக் கொட்டகையும், "கீழ வை! கீழ வை!" என்று தகரக் கூரை அதிரக் கத்தியது. கத்திரிகள் விழுந்தன. மெஷினின் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றுபோனது. ஒலிபெருக்கி பாவம், தன் பாட்டுக்கு மூச்சை இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பூட்ஸ்கள் மரத்தடிக்குப் போவது கேட்டது. எங்கோ பராசா பானை மூடியைத் தட்டினான்.

நஃபூலா அழுதுகொண்டே சிரித்தாள். கெமுந்தோ தன் குரலுக்குத் தலை முளைத்துவிட்டதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னக் கதவு திறந்தது. லெகிஷான் தலையை நீட்டினான். அவன் முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

"கெமுந்தோ, உன்ன பாஸ் வரச் சொல்றாரு. உடனே வரணுமாம். நீ வந்து சொன்னாத்தான் உள்ள போவோம்னு மரத்தடியில உக்காந்துட்டாளுங்க."

கெமுந்தோ டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"டீ இன்னும் சூடா இருக்கு" என்றாள். "ஆறினதும் குடிச்சிட்டு, நாங்க ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லு."